மஞ்சளாகத் தெரிந்த வயல்

எங்கள் பக்கத்தில் புருஷன் வெளிநாட்டில் இருப்பான், பெண்டாட்டி ஊரில் இருப்பாள். சிங்கப்பூர், துபாய், மலேசியா என்று தெருவுக்கு நாலு வீட்டிலாவது இப்படித்தான். எங்கள் வீட்டில் மட்டும் அது தலைகீழ். என் மனைவி சிலி நாட்டில் வேலை பார்க்கிறாள். நான் திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற கடைமடையில் நெல் பயிர் செய்கிறேன். இதை வைத்து ஊரில் யார் யார் என்னென்ன பேசினார்கள் என்று எழுத ஆரம்பித்தால் வேறு எதையும் எழுத இடம் இருக்காது. டீக்கடையில் ஒருவர் தினமும், "என்ன தம்பி, சமையல் முடிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "முடிஞ்சுதுங்க. கத்திரிக்கா கொத்சு. வந்தா உங்களுக்கும் போடுறேன்" என்றேன் ஒருநாள். அதற்குப் பிறகு அவர் கேட்பதில்லை.

அவள் வானியல் படித்தவள். நான் எம்.ஏ. தமிழ் படித்துவிட்டு வயலுக்கு வந்தவன். கேலக்ஸி என்பதற்குத் தமிழில் நாலைந்து சொற்கள் இருக்கின்றன. எது சரியான சொல் என்று கல்யாணமான புதிதில் அவள் என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. அரை மணி நேரம் இலக்கணம் பேசினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப கேலக்ஸின்னே வச்சுக்குவோங்க" என்றாள். இன்றுவரை எங்கள் வீட்டில் அது கேலக்ஸிதான்.

அவளுடைய வேலையை ஒரு வரியில் சொல்வதானால், தூரத்து கேலக்ஸிகளில் எந்த மாதிரி நட்சத்திரங்கள் இருக்கின்றன, அவற்றுக்கு என்ன வயது என்று கண்டுபிடிப்பது. கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் அவ்வளவு தூரத்தில் ஒரு நட்சத்திரத்தைக்கூடத் தனியாகப் பார்க்க முடியாதாம். கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் வெளிச்சமும் ஒன்றாகக் கலந்து ஒரே மங்கலாகத்தான் வந்து சேருமாம். அந்த மங்கலை வைத்துக்கொண்டு, உள்ளே இளசு எவ்வளவு, கிழடு எவ்வளவு என்று சொல்ல வேண்டும். பெரிய நட்சத்திரங்கள் நீலமாக, பயங்கரச் சூட்டோடு எரிந்து சீக்கிரம் தீர்ந்துவிடும். சின்னவை செக்கச்செவேலென்று சிக்கனமாக எரிந்துகொண்டு நெடுங்காலம் இருக்கும். ஆகவே ஒரு கேலக்ஸியில் நீலம் தெரிந்தால் அங்கே இன்னும் நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன என்று பொருள். மொத்தமும் மஞ்சளும் சிவப்புமாகத் தெரிந்தால் அங்கே பிறப்பு நின்று வெகுகாலம் ஆகியிருக்கலாம். ஒரே கேலக்ஸியிலும் நடுவில் கிழடும் சுற்றிலும் இளசுமாக இருப்பது உண்டு. நம்முடையதே அப்படித்தானாம்.

இதை அவள் முதலில் சொன்னது திருவாரூரிலிருந்து வந்த பேருந்தில். ஜன்னலுக்கு வெளியே ஒருவர் வயல் நட்டு நாலு நாள் ஆனது, இன்னொருவர் வயல் தூர் கட்டி இருண்டு நின்றது, அதற்கு அடுத்தது கதிர் சாய்ந்து கிடந்தது. அந்த வருடம் தண்ணீர் முன்னும் பின்னுமாக வந்ததால் ஆளாளுக்கு ஒரு நாளில் நட்டிருந்தார்கள். "நீங்க இங்கேருந்து பாத்தே எந்த வயலுக்கு எத்தனை நாளுன்னு சொல்லிடுவீங்கள்ல, அதேதாங்க என் வேலையும்" என்றாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நான் செய்வதைப் போன்ற ஒன்றைத்தான் அவளும் செய்கிறாள் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். அதில் உள்ள வித்தியாசங்களை அவள் பிறகு பல வருடங்களாகச் சொல்லிப் பார்த்தாள்.

சிலிக்குப் போன முதல் புரட்டாசியில் அவள் வயல் படம் கேட்டாள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வயலைப் படம் எடுத்து அனுப்புவது எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம். நானும் நின்ற இடத்திலிருந்து ஒன்று எடுத்து அனுப்பினேன். உடனே ஃபோன் வந்தது. படம் எப்படி எடுக்க வேண்டும் என்று பாடம் நடத்தினாள். தினமும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அது எங்கள் வாய்க்காலில் இருக்கிற மதகாக இருக்கலாம். காலையில், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி மேற்கே பார்த்து எடுக்க வேண்டும். ஜூம் கூடாது. ஃபில்டர் கூடவே கூடாது.

"நீ என்ன டெலஸ்கோப்பையா எனக்கு வாங்கிக் குடுத்துருக்க?" என்றேன்.

"இருக்கறத ஒழுங்கா வச்சு எடுங்க போதும். எத்தனை நாள் பயிருன்னு நான் சொல்றேன்."

சொன்னாள். படம் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் "நாப்பது நாள்" என்று பதில் வந்தது. நாற்பத்திரண்டு. பரவாயில்லை என்று நினைத்தேன். ஆனால் அவளுக்கு அந்த இரண்டு நாள் வித்தியாசம் பொறுக்கவில்லை. மறுநாள் காலையில், மதகுக் கட்டைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, அது படத்தின் ஓரத்தில் எப்போதும் தெரியும்படி எடுக்கச் சொன்னாள். வெள்ளை எது என்று நிச்சயமாகத் தெரிந்தால்தான் பச்சை எவ்வளவு பச்சை என்று சொல்ல முடியும் என்றாள். வானியல்காரர்களும் வானத்தில் அப்படித்தான் நன்றாகத் தெரிந்த ஒரு நட்சத்திரத்தைப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்ப்பார்களாம்.

நான் வாளியும் மட்டையுமாக மதகுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தபோது என் அக்கா வரப்பில் வந்தாள். அடுத்த தெருவில் இருக்கிறாள், எனக்குப் பதினோரு வயது மூத்தவள், வாய் மட்டும் இன்னும் இளமையாக இருக்கிறது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"என்னடா, மதகுக்குப் பொங்கலா?"

"அவ அடிக்கச் சொன்னா."

"அங்கேருந்து அவளுக்கு இந்தச் செவரு தெரியுதா?"

"தெரியுதாம்."

"தெரியட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அக்காவுக்கு என் மனைவிமேல் பிரியம் அதிகம். என்னைக் கேலி செய்வதற்குத் துணைக்கு இன்னொரு ஆள் கிடைத்ததால் வந்த பிரியம் அது என்று நான் சொல்வேன்.

காலையில் மதகடியில் நின்று படம் எடுத்து அனுப்புவதும், அவளுடைய பதிலுக்காக அங்கேயே நிற்பதும் இப்படித்தான் ஆரம்பித்தன. எங்களுக்குக் காலை என்றால் அவளுக்கு முந்தின நாள் இரவு. அவள் வேலை ஆரம்பிக்கிற நேரம். பதில் வருகிறவரை நான் நகர மாட்டேன். மழைக்காலத்தில் நண்டு வளையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பனிக்காலத்தில் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நிற்பேன். சில நாள் வயது மட்டும் வரும். சில நாள் கூப்பிடுவாள். கூப்பிட்டால் அன்றைக்கு வேலை ஓடும். இல்லாவிட்டால் எதிரில் வருகிறவன்மேல் எரிந்து விழுவேன். காரணம் கேட்டால் மோட்டார் ரிப்பேர் என்று சொல்வேன்.

ஒருநாள் அவளுடைய வேலையில் மிகப் பெரிய தொல்லை எது என்று கேட்டேன். "உலோகம்" என்றாள். அவர்களுக்கு ஹைட்ரஜன், ஹீலியம் இரண்டைத் தவிர மற்ற எல்லாமே உலோகமாம். ஆக்ஸிஜன்கூட. இது என்ன அநியாயம் என்று நான் சண்டைக்குப் போனேன். நாம் மூச்சு விடுவதை எப்படி உலோகம் என்று சொல்லலாம்? அவள் சிரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள். வயதான நட்சத்திரங்கள் நிறைந்த கேலக்ஸி சிவந்து தெரியும். அதே சமயம், உலோகம் அதிகமாகச் சேர்ந்தாலும் சிவந்துதான் தெரியும், அவ்வளவு வயது ஆகாவிட்டாலும். ஒன்றை மற்றொன்றாக நினைத்து ஏமாந்துபோக நிறைய வாய்ப்பு உண்டு. "நெறத்த மட்டும் பாத்து வயசு சொன்னா எங்க ஆளுங்க கேலி பண்ணுவாங்க. வேற அடையாளம் நாலு பாத்துத்தான் சொல்லணும்."

"நம்ம வயல்லயும் அப்படித்தான்" என்றேன் நான். எனக்குச் சந்தர்ப்பம் கிடைத்தால் விட மாட்டேன். "மஞ்சளா இருக்குன்னு பழுத்துருச்சுன்னு நெனச்சுடக் கூடாது. சத்து இல்லேன்னாலும் மஞ்சள் வரும். தண்ணி நின்னு வேரு மூச்சு முட்டுனாலும் மஞ்சள் வரும். ரோட்டுல போறவனுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும்."

"இத நான் பசங்களுக்குச் சொல்லப்போறேங்க" என்றாள். அங்கே பல்கலைக்கழகத்தில் அவள் எடுக்கிற வகுப்பில் சொல்லியும் இருக்கிறாள். ஏதோ ஒரு நாட்டுப் பையன் எங்கள் வயலின் படம் கேட்டானாம். மஞ்சள் பூத்த ஒரு வயலைத் தேடிப் பிடித்து எடுத்து அனுப்பினேன். ஒரு வாரம் தரையில் கால் படாமல் நடந்தேன்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. தஞ்சாவூரிலும் திருச்சியிலும் பார்க்க வேண்டியவர்களைப் பார்த்தோம், பிறகு நிறுத்திக்கொண்டோம். அதைப் பற்றி நாங்கள் இருவரும் அதிகம் பேசியதில்லை. ஊர்தான் பேசியது. மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்யாணத்தில், சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர், "அவங்க அங்க, நீங்க இங்க, வம்சம் எப்படிங்க வெளங்கும்?" என்று கேட்டார். பாயசம் இன்னும் வரவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் காலையில் மதகடியில் நின்று அவளிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் வேறு யாரிடம் சொல்வது.

அவள் அவளுடைய பாஷையில் பேசினாள். புது நட்சத்திரம் பிறக்காத சிவந்த கேலக்ஸிகளை அவர்கள் பேச்சுவழக்கில் செத்துப்போனவை என்றுதான் சொல்வார்களாம். "அப்படிச் சொல்றது எனக்குப் புடிக்காதுங்க. பொறக்கறதுதானே நின்னுருக்கு? உள்ள இருக்கறதெல்லாம் எரிஞ்சுகிட்டுத்தானே இருக்கு. இன்னும் ரொம்ப காலம் எரியும்."

நான் மதகின் மேல் உட்கார்ந்தேன்.

"அதுலயும் சிலது இருக்குங்க. எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு நெனச்ச அப்பறம், ரொம்ப நாள் கழிச்சு, ஒரு ஓரத்துல கொஞ்சம் நட்சத்திரம் புதுசா பொறந்துருக்கும். நம்ம ஊருல அறுத்த தாள்ல திரும்பத் துளுக்குமே, அதுக்கு என்னங்க பேரு?"

"மறுதாம்பு."

"ஆங், மறுதாம்பு. இப்ப நான் பாக்கறதே அந்த மாதிரி கேலக்ஸிங்களத்தான்."

அதற்குப் பிறகு, "இன்னைக்கு என்ன பார்த்த?" என்று நான் கேட்டால், "மறுதாம்பு ஒண்ணு கெடச்சுதுங்க" என்பாள் சில நாள். அன்றைக்கு அவளுடைய குரலே வேறாக இருக்கும். எனக்கு அந்தக் குரலைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று இருக்கும். ஃபோனை எவ்வளவு நெருக்கி வைத்தாலும் அது பக்கம் ஆகாது.

போன ஐப்பசியில் அவளுடைய ஒப்பந்தம் முடியப் போவதாகவும், இன்னும் மூன்று வருடம் இருக்கச் சொல்கிறார்கள் என்றும் சொன்னாள். பதில் சொல்லக் கொஞ்சம் அவகாசம் கொடுத்திருக்கிறார்களாம். "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள்.

எனக்குள்ளே வா, வா என்று ஒன்று அடித்துக்கொண்டது. அதை அப்படியே விழுங்கிவிட்டு, "நான் என்ன சொல்ல? வேலை உன்னோடது. உனக்கு எது சரின்னு படுதோ அதச் செய்" என்றேன்.

இதை நான் பெருந்தன்மை என்று நினைத்தேன். டீக்கடைக்காரர்கள் முன்னால், பெண்டாட்டியைச் சமைக்கக் கூப்பிட்டுக்கொண்ட புருஷனாக நிற்கக் கூடாது என்ற வீறாப்பும் அதில் இருந்தது. அதைவிட முக்கியமாக, இவ்வளவு தூரம் படித்துப் போனவளை இழுத்துக்கொண்டு வந்து, இந்தச் சேற்றில் நிறுத்தி, பிறகு அவள் மேற்கே பார்த்துப் பெருமூச்சு விடுவதை நான் பார்க்க நேர்ந்தால் தாங்க மாட்டேன் என்று பயந்தேன். "சரிங்க" என்றாள். அன்றைக்குப் பயிருக்கு வயது சொல்ல மறந்துவிட்டாள்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. கடைமடையில் தண்ணீர் வருவதும் கடைசி, வடிவதும் கடைசி. மேலே இருக்கிற ஊர்களின் தண்ணீரெல்லாம் எங்கள் வயல் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். வடிகாலில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது. பயிர் நுனி மட்டும் தெரிய முழுகி நின்றது. மழை விட்டு, தண்ணீர் கொஞ்சம் இறங்கியபோது வயல் முழுக்க மஞ்சள். மதகுக் கட்டையின் சுண்ணாம்பும் கரைந்து போய்விட்டது. நான் அந்தக் கோலத்திலேயே ஒரு படம் எடுத்து அனுப்பினேன். வயிற்றெரிச்சலை யாரிடமாவது காட்ட வேண்டும் இல்லையா.

உடனே கூப்பிட்டாள்.

"என்னங்க, நெல்லு பழுத்துருச்சா?"

"என்னது?"

"மஞ்சளா இருக்கே. அறுப்பு கிட்ட வந்துட்டுது போல. லீவு போட்டுட்டு வந்துடட்டுங்களா?"

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. வயல் கிடக்கிற கிடப்பில் இவள் பழுத்துவிட்டதா என்கிறாளே என்று. "அட போம்மா. இது பழுத்த மஞ்சளா? தண்ணி நின்னு வந்த மஞ்சள். தண்டுக்குள்ள பொதியற தொண்டைக்கதிரே இன்னும் வரல. இது நீண்ட நாள் சம்பா, அறுக்கத் தை மாசம் கடைசி ஆவும். இப்ப வந்து என்ன பண்ணப்போற, என்னோட சேத்துல நிக்கவா? மதகுல சுண்ணாம்பு கரைஞ்சு போச்சு, அதான் உனக்குக் கணக்குத் தப்பிடுச்சு. வெள்ளை இல்லாம நெறம் பாக்கக் கூடாதுன்னு நீதானே சொல்லுவ."

மூச்சு விடாமல் இவ்வளவையும் சொன்னேன். யூரியா எப்போது போடுவேன் என்பதையும் சேர்த்துச் சொன்ன ஞாபகம்.

"ஓ" என்றாள். "சரிங்க. தண்ணி வடிஞ்சதும் சுண்ணாம்பு அடிச்சுடுங்க."

வைத்துவிட்டாள். எனக்கு, சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், மனசுக்குள் ஒரு பெருமை. நட்சத்திரத்துக்கே வயது சொல்கிறவளுக்கு நெல்லில் சறுக்கிவிட்டது, நான் திருத்திவிட்டேன் என்று. இதைப் பொங்கலுக்குள் நாலு பேரிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்றுகூட நினைத்தேன்.

அடுத்த நாளிலிருந்து பதில் சுருங்கிவிட்டது. படம் போனால் ஒரு கட்டைவிரல் வரும். வயது வராது. மலை மேலே, டெலஸ்கோப் இருக்கிற இடத்தில் வேலை அதிகம் போல என்று எண்ணிக்கொண்டேன். எனக்கும் வேலை இருந்தது. அக்கம்பக்கத்துக்காரர்களோடு சேர்ந்து வடிகாலில் இறங்கி ஆகாயத்தாமரையை இழுத்துப் போட்டோம். தண்ணீர் வடிந்ததும் யூரியாவோடு ஜிப்சமும் வேப்பம்புண்ணாக்கும் கலந்து தெளித்தேன். பயிர் மெதுவாகத் தேறியது. ஒரு பக்கம் பச்சை திரும்ப, மறுபக்கம் மஞ்சள் அப்படியே கிடந்தது.

அப்படி ஒரு மத்தியானம் அக்கா தூக்குவாளியில் சோறு கொண்டுவந்தாள். நான் மதகில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவள் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைச் சீண்டுவதற்காகவே, முகத்தை அப்பாவி போல வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அந்தப் பக்கம் பழுத்துருச்சாடா?"

"நீயுமாக்கா? அவதான் அப்படிக் கேட்டா. மஞ்சளா இருந்தா பழுத்ததுன்னு ஆயிடுமா? அது அவளுக்கே தெரியும். நான்தான் அவளுக்குச் சொன்னேன். அவ அத அங்க வகுப்புலயே..."

வாயில் சோறு இருந்தது. மென்றதாக நினைவில்லை.

"தெரிஞ்சா ஏண்டா கேக்குறா?" என்றாள் அக்கா.

நடவு அன்றைக்கு நான் அனுப்பிய படம் அவளிடம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒருநாள் விடாமல் எல்லாப் படமும் இருக்கிறது. மழையில் வயல் முழுகியதை நான்தான் முந்தின நாள் அழாத குறையாகச் சொல்லியிருந்தேன். நிறத்தை மட்டும் பார்த்து வயது சொன்னால் கேலி செய்வார்கள் என்று சொன்னவள் அவள். மஞ்சள் பழுத்ததில்லை என்பது இந்த உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். அவள் பழுத்துவிட்டதா என்று கேட்டது ஒரு சாக்கு. வந்துடட்டுமா என்பதுதான் கேள்வி. நான் அவளுக்கு உரக்கணக்குச் சொல்லியிருக்கிறேன். விவசாயியைத் தவிர வேறு எவனுக்கும் அப்படி ஒரு பதில் வாயில் வந்திருக்காது. வயல் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், மற்ற எதுவும் எங்கள் காதில் விழாது.

அங்கே விடியற்காலமாக இருக்கும் என்று தெரிந்தும் கூப்பிட்டேன். கை சோற்றுக் கையாகவே இருந்தது. அக்கா வாளியை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வரப்பில் நடந்தாள்.

"என்னங்க? யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள் எடுத்ததும். நான் அந்த நேரத்தில் கூப்பிட்டதே இல்லை.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. அன்னைக்கு நீ கேட்டியே, வந்துடட்டுமான்னு."

சோற்றுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

"வா" என்றேன்.

"அறுப்புக்கா?"

"அறுப்ப மெஷின் பாத்துக்கும். எனக்கு நீ வேணும். மூணு வருஷம் வேணாம். நீ இங்க வந்துடு. உன்ன விட்டுட்டு எனக்கு இருக்க முடியல."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் இப்படிப் பேசியதில்லை. சொன்னதும் காது சுட்டது.

"கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேங்க" என்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது. "போன வாரம்தான். நீங்க அன்னைக்கு அப்படிச் சொன்னதும் உடனே போடலங்க. நாலு நாள் பாத்தேன். நீங்க திரும்பக் கூப்பிட்டுச் சொல்லுவீங்கன்னு."

அந்த நாலு நாளும் நான் ஆகாயத்தாமரை இழுத்துக்கொண்டிருந்தேன்.

போட்ட கையெழுத்தைத் திரும்ப வாங்கக் கூடாதா என்று கேட்டேன். அவளை நம்பி அங்கே ஆராய்ச்சிக்குச் சேர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களை நடுவில் விட்டுவிட்டு வர முடியாது என்றாள். அவள் சொன்னது நியாயம். நியாயம் என்று தெரிந்ததால் வலி ஒன்றும் குறையவில்லை.

ஆனால் தை கடைசியில் அறுப்புக்கு லீவு எடுத்துக்கொண்டு வந்தாள். திருச்சி விமான நிலையத்திலிருந்து வருகிற வழியெல்லாம் கார் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வயலுக்கும் எத்தனை நாள் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் ஒன்றையும் திருத்தவில்லை. இரண்டு இடத்தில் தப்பு. வாயை மூடிக்கொண்டு இருந்தேன். வீட்டுக்குள் போகாமல் நேராக மதகுக்குப் போனாள். நான் அதற்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தேன். அதன் மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். கை வெள்ளையாகிவிட்டது.

"நேரா கேட்டிருக்கலாமே" என்றேன்.

"கூச்சமா இருந்துதுங்க. வேலை உன்னோடதுன்னு நீங்கதான் சொல்லிட்டீங்களே. அதுக்கு மேல எப்படி நானா வந்து, என்ன வரச் சொல்லுங்கன்னு கேக்குறது?"

ஈர வயலில் ஓடுகிற செயின் வண்டி வந்து ஒரே காலையில் மொத்தத்தையும் அறுத்துவிட்டது. மழையில் போனது போக, வந்தது வந்தது. அவள் ஒரு கதிரை முன்னாலேயே பறித்து வைத்திருந்தாள். அதிலிருந்து ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்து, "இது நெஜமாவே பழுத்துருச்சு" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். அக்கா சத்தமாகச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் இருந்த நாட்களில் காலையில் விழித்ததும் ஃபோனைத் தேடிக் கை போகும், பிறகு அவள் அடுப்படியில் டம்ளரை வைக்கிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருப்பேன். லீவு முடிந்து போய்விட்டாள்.

இப்போது பங்குனி. அறுப்புக்கு முன்னால் தெளித்த உளுந்து, தாளுக்கு நடுவில் முளைத்துப் பூ விட்டிருக்கிறது. ஈரம் நின்ற பள்ளத்தில் அறுத்த தாளும் துளிர்த்திருக்கிறது. நேற்றுக் காலையில் வழக்கம்போல் மதகடியில் நின்று மேற்கே பார்த்துப் படம் எடுத்து அனுப்பினேன். பதில் வர நேரமானது. பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்.

"மூணு வயசு தெரியுது" என்று எழுதினாள். "தாளுக்கு ஒண்ணு, உளுந்துக்கு ஒண்ணு, மறுதாம்புக்கு ஒண்ணு. இன்னைக்கு எதையும் திருத்த மாட்டீங்களே?"

நான் திருத்தவில்லை. அவள் போனதிலிருந்து படத்துக்குக் கீழே தினமும் எழுதி அனுப்புகிற ஒரே சொல்லை நேற்றும் எழுதினேன். வா. ஒப்பந்தம் முடிகிறவரை அவளால் வர முடியாது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அன்றைக்கு அவள் கேட்டதற்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அது. அதைத்தான் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.